எந்த மரபணு, எந்தச் செல், எந்த வயது? மனநோய் மரபியலுக்கு வரும் இளையவர்களுக்குப் பதின்மூன்று அறிவுரைகள்



மனநோய்களின் மரபியலைப் படிக்க உங்களில் சிலர் கணினித் துறையிலிருந்து வருகிறீர்கள், சிலர் உயிரியலிலிருந்து, சிலர் மருத்துவம் முடித்துவிட்டு. வந்த முதல் வாரத்தில் மூன்று தரப்பாருக்கும் ஒரே திகைப்புதான். மனச்சிதைவு நோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் 'நேச்சர்' இதழில் வெளியான கூட்டாய்வு 76,755 நோயாளிகளின் மரபணுத்தொகையை நோயில்லாத 2,43,649 பேருடையதோடு ஒப்பிட்டது. நோய்க்கான வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் இடங்கள் 287 என்று கண்டது. அவற்றில் பெரும்பாலானவை புரதத்துக்கான குறிப்பு எதுவும் இல்லாத பகுதிகளில் இருக்கின்றன. அப்படியானால் அங்கே ஓர் எழுத்து மாறுவதால் என்ன ஆகிறது? ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது, எந்தச் செல்லில் செய்கிறது, எந்த வயதில் செய்கிறது என்பது மாறக்கூடும். அதை அறிய ஆர்.என்.ஏ.வை அளக்க வேண்டும். மரபணு வெளிப்பாட்டுத் தரவு இத்துறைக்கு இன்றியமையாததானது இதனால்தான்.

கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. மரபு மாறுபாடு கருவிலேயே வந்துவிடுகிறது. நோய்க்குப் பல ஆண்டுகள் முந்தியது அது. நாம் அளக்கும் வெளிப்பாடோ பெரும்பாலும் நோய் வந்து, மருந்து சாப்பிட்டு, வாழ்க்கை முடிந்த பிறகு எடுக்கப்பட்டது. எது முந்தியது, எது பிந்தியது என்பதை ஒவ்வொரு வரைபடத்தின் முன்னும் கேட்டுப் பழகியவர்தான் இங்கே நம்பத்தக்க முடிவு எதையும் சொல்ல முடியும்.

1. தரவைத் திறக்குமுன் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

மனச்சிதைவு நோய் என்றால் காதில் குரல் கேட்பது என்ற அளவில் நின்றுவிடாதீர்கள். ஆர்வம் வற்றிப்போவது, பேச்சு குறைவது, கவனமும் நினைவும் தடுமாறுவது ஆகியவைதாம் பலரின் வாழ்க்கையை அதிகம் முடக்குகின்றன. பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ நோய் வெளிப்படுகிறது. இன்றும் அதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவர் பேசிப் பார்த்து, குடும்பத்தாரைக் கேட்டு முடிவு செய்கிறார். ஆகவே உங்கள் கோப்பில் 'நோயாளி' என்று எழுதியிருக்கும் கட்டத்துக்குள் பலவிதமான மனிதர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டங்களுக்கு இடையே மதிலும் இல்லை. மனச்சிதைவு நோய்க்கும் இருதுருவ மனநோய்க்கும் இடையிலான மரபுத் தொடர்பு சுமார் 0.7 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அனுமதி கிடைத்தால் ஒரு மனநல மருத்துவரோடு புறநோயாளர் பிரிவில் சில நாள் உட்காருங்கள். உங்கள் கேள்விகள் கூர்மையாகும்.

2. முன்னோர் தடுமாறிய இடத்தைப் படியுங்கள்

ஒரு காலத்தில் ஆய்வாளர்கள் தங்களுக்குத் தெரிந்த மரபணு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சில நூறு பேரிடம் பார்த்து, நோயோடு தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். செரோட்டோனின் கடத்தி மரபணு, மன உளைச்சல், மனச்சோர்வு மூன்றையும் இணைத்து 2003-இல் வந்த கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதன் வழியில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. 2019-இல் மனச்சோர்வுக்கென்று அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை மிகப் பெரிய மாதிரிகளில் சோதித்தார்கள். மிகப் பெரியதில் 4,43,264 பேர். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மரபணுக்களைவிட அந்தப் பதினெட்டும் எந்த வகையிலும் சிறந்தவையாக இல்லை. முந்தைய ஆய்வாளர்கள் அறிவிலோ நேர்மையிலோ குறைந்தவர்கள் அல்லர். மாதிரி சிறியது, விளைவு அதைவிடச் சிறியது, கதை மட்டும் அழகாக இருந்தது. வெளிப்பாட்டுத் தரவிலும் இதே ஆபத்து உண்டு. இருபதாயிரம் மரபணுக்களை அளந்துவிட்டு, பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக் கதை சொல்வது மிக எளிது.

3. அருகில் இருக்கும் மரபணுமேல் பழி போடாதீர்கள்

மரபணுத்தொகை முழுவதையும் அலசி நோயோடு தொடர்புள்ள மாறுபாடுகளைத் தேடும் ஜீவாஸ் ஆய்வு ஓர் இடத்தைக் காட்டும். மரபணுவின் பெயரைச் சொல்லாது. அருகிலுள்ள மரபணுவின் பெயரை அந்த இடத்துக்கு வைப்பது வசதிக்காகத்தான். மனநோய்க்கு வெளியே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. உடல் பருமனோடு தொடர்புடைய வலுவான மாறுபாடுகள் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவுக்குள் இருப்பதாக 2007-இல் கண்டார்கள். எல்லோரும் எஃப்.டி.ஓ.வையே ஆராய்ந்தார்கள். அந்தப் பகுதி டி.என்.ஏ. மடிப்பின் வழியாக வெகு தொலைவில் உள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3 என்ற மரபணுவைத் தொடுகிறது என்பதும், மனித மூளையில் அந்த மாறுபாடுகள் ஐ.ஆர்.எக்ஸ்.3-இன் வெளிப்பாட்டோடுதான் ஒத்துப்போகின்றன என்பதும் 2014-இல் தெரியவந்தன. இடைவெளி ஏறத்தாழ ஐந்து லட்சம் எழுத்துகள். எனவே ஓர் இடத்தைப் பார்த்தவுடன் சுற்றிலும் பத்து லட்சம் எழுத்துகளுக்குள் என்னென்ன மரபணுக்கள் இருக்கின்றன, அவற்றில் எவை மூளையில் வெளிப்படுகின்றன என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதற்குப் பிறகு யூகம் செய்யலாம்.

4. சி4 கட்டுரையை வரிவரியாகப் படியுங்கள்

ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 2016-இல் 'நேச்சர்' இதழில் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் எழுதியதைப் படியுங்கள். மனச்சிதைவு நோயின் மிக வலுவான மரபுத் தடயம் ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் பகுதியில் இருக்கிறது. பல ஆண்டுகள் அதை யாராலும் பிரித்துப் படிக்க முடியவில்லை.

அவர்கள் சி4 என்ற மரபணுவைப் பார்த்தார்கள். அதற்கு சி4ஏ, சி4பி என்று இரு வகை. நீளமானது, குட்டையானது என்று இரு அளவு. எந்த வகை எத்தனை பிரதி என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். வழக்கமான மரபுச் சிப்பில் இது நேரடியாகத் தெரியாது. முதல் படியாகப் பிரதிகளை எண்ணும் வழியைக் கண்டார்கள். இரண்டாம் படியாக, இறந்தவர்களின் மூளைத் திசுவில் ஆர்.என்.ஏ.வை அளந்து, எந்த அமைப்பு எவ்வளவு சி4ஏ தருகிறது என்று கணக்கிட்டார்கள். மூன்றாம் படியில் 28,799 நோயாளிகளிடமும் நோயில்லாத 35,986 பேரிடமும் அந்தக் கணக்கைப் பொருத்தினார்கள். மரபமைப்பின்படி மூளையில் சி4ஏ எவ்வளவு கூடுதலாக வெளிப்பட வேண்டுமோ, அவ்வளவுக்கு நோயின் வாய்ப்பும் கூடியது. நான்காம் படியில் எலிகளைப் பார்த்தார்கள். மூளை வளரும்போது வேண்டாத நரம்பிணைப்புகள் கத்தரிக்கப்படுவது இயல்பு. சி4 இல்லாத எலிகளில் அந்தக் கத்தரிப்பு குறைந்தது.

இந்த நான்கு படிகளின் வரிசையைக் கவனியுங்கள். வெளிப்பாட்டை மரபமைப்பிலிருந்து கணித்ததால், நோயோ மருந்தோ அந்த எண்ணை மாற்றியிருக்க முடியாது. முடிவை எவ்வளவு அடக்கத்தோடு சொன்னார்கள் என்பதையும் பாருங்கள். மிகக் குறைந்த ஆபத்துள்ள அமைப்போடு ஒப்பிட்டால் மிக அதிக ஆபத்துள்ள அமைப்பில் நோயின் வாய்ப்பு வெறும் 1.27 மடங்கு. துறையின் மிக வலுவான தடயத்தின் அளவே இதுதான்.

5. ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் ஒரு மனிதர் இருந்தார்

உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்து ஆராய்ச்சிக்கென்று திசு எடுக்கப் பொதுவாக முடியாது. ஆகவே நம் தரவில் பெரும்பகுதி இறந்தவர்களின் கொடை. வீட்டில் அழுகை ஓயாத அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தாயோ மகனோ 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னதால் கிடைத்தது அது. மூளைத் திசுவில் மரபணு வெளிப்பாட்டை அளந்து 2016-இல் வெளியான காமன்மைண்ட் ஆய்வுக்கு 258 மனச்சிதைவு நோயாளிகளின் மூளையும் நோயில்லாத 279 பேரின் மூளையும் தேவைப்பட்டன. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இயங்குகிறது. ஒரு மூளையைப் பெற்று, ஆவணப்படுத்தி, பாதுகாக்க எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

இந்த மரியாதை உங்கள் கணக்கிலும் தெரிய வேண்டும். இறப்புக்கும் திசுவை உறைய வைத்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம், திசுவின் அமிலத்தன்மை என்ன, ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் ரின் எண் எவ்வளவு, இறுதி நாட்கள் நோய்ப்படுக்கையில் கழிந்தனவா, புகைப்பழக்கம் உண்டா, என்ன மருந்து சாப்பிட்டார்: இவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் அளவை அசைக்கக்கூடியவை. நோயாளிகளின் ரின் எண் சராசரியாகக் குறைவாக இருந்தால், நோயைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டு சிதைவைத்தான் கண்டுபிடித்திருப்பீர்கள்.

6. முதல் நாள் வேலை: ஆள் மாறாட்டம் உண்டா என்று பாருங்கள்

பெரிய மாதிரித் தொகுப்புகளில் குழாய்கள் மாறிப்போவது சாதாரணம். கண்டுபிடிக்கும் வழி எளிது. எக்ஸிஸ்ட் என்ற மரபணு, இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ளவர்களிடம்தான் கணிசமாக வெளிப்படும். ஆர்.பி.எஸ்.4ஒய்1 என்ற மரபணு ஒய் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் மட்டும் வரும். இரண்டையும் இரு அச்சுகளில் வைத்து ஒரு புள்ளிப்படம் வரையுங்கள். ஒரு மூலையில் பெண்களின் கொத்து, எதிர்மூலையில் ஆண்களின் கொத்து என்று தெளிவாகப் பிரிந்து நிற்கும். குறிப்பேட்டில் 'ஆண்' என்று இருக்கும் ஒரு புள்ளி பெண்களின் கொத்தில் உட்கார்ந்திருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு மூலைக்கும் நடுவே ஒரு புள்ளி மிதந்தால் இரண்டு பேரின் திசு கலந்திருக்கலாம்.

அடுத்ததாக, ஆர்.என்.ஏ. வரிசையிலிருந்தே மரபு எழுத்துகளைப் படித்து, அதே ஆளின் டி.என்.ஏ. கோப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் மரபணுவுக்கும் வெளிப்பாட்டுக்கும் தொடர்பு தேடும் முயற்சி முழுவதும் பாழ்.

மூன்றாவது, எந்த மாதிரி எந்த பேட்ச்சில், அதாவது சேர்த்து அளந்த எந்தத் தொகுதியில், ஓடியது என்று பாருங்கள். நோயாளிகள் எல்லாம் ஒரு பேட்ச், மற்றவர்கள் எல்லாம் இன்னொரு பேட்ச் என்றால் எந்தப் புள்ளியியல் முறையாலும் மீட்க முடியாது. அதைத் திசு வெட்டும் மேசையிலேயே தடுத்திருக்க வேண்டும். ஆகவே ஆய்வகத்துத் தொழில்நுட்பரோடு நட்பு வைத்துக்கொள்ளுங்கள்; மாதிரிகளைக் கலைத்து அடுக்கும் திட்டத்தை அவரோடு உட்கார்ந்து போடுங்கள்.

7. காரணமா, விளைவா என்று எழுதி வையுங்கள்

நோயாளியின் மூளையில் ஒரு மரபணு கூடுதலாக வெளிப்படுகிறது என்று கண்டால் மூன்று விளக்கங்கள் உண்டு: அது நோயை உண்டாக்கியது, நோய் அதை உண்டாக்கியது, மருந்தும் வாழ்க்கைமுறையும் அதை உண்டாக்கின. மூன்றையும் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் என்ன ஆதாரம் தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். மருந்தைப் பிரித்தறிய, அதே மருந்து கொடுத்த விலங்குகளின் மூளையோடு ஒப்பிடலாம். மாறிய மரபணுக்களின் தொகுதி, ஜீவாஸ் காட்டிய இடங்களில் எதிர்பார்ப்பைவிட அதிகமாகக் குவிந்திருக்கிறதா என்று சோதிக்கலாம்.

மைக்கேல் கண்டால் குழுவினர் 2018-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது நல்ல எடுத்துக்காட்டு. 700 மூளைகளின் தரவைத் திரட்டி ஆட்டிசம், மனச்சிதைவு, இருதுருவ நோய், மனச்சோர்வு, மதுவடிமை ஆகிய ஐந்தையும் ஒப்பிட்டார்கள். எந்த நோய்களுக்கிடையே மரபு நெருக்கம் அதிகமோ அவற்றுக்கிடையே வெளிப்பாட்டு மாற்றங்களின் ஒற்றுமையும் அதிகமாக இருந்தது. இத்தகைய இணை, 'எல்லாம் மருந்தின் வேலை' என்ற எதிர்வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. முற்றாக நீக்கிவிடுகிறது என்று எழுதிவிடாதீர்கள்.

8. ட்வாஸ் தரும் பட்டியலை இறுதி முடிவாகக் கொள்ளாதீர்கள்

ஒரு மாறுபாடு ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை மாற்றினால் அதை ஈ.க்யூ.டி.எல். என்கிறோம். 2015-இல் ப்ரெடிக்ஸ்கேன், 2016-இல் ஃப்யூஷன் போன்ற முறைகள் வந்த பிறகு, ஆர்.என்.ஏ.வே அளக்காத லட்சம் பேரிடம்கூட மரபமைப்பைக் கொண்டு வெளிப்பாட்டைக் கணித்து நோயோடு ஒப்பிட முடிகிறது. இதுவே ட்வாஸ். ஓர் இரவில் நூறு மரபணுப் பெயர்கள் வந்து விழும். அங்கேதான் நிதானம் தேவை.

ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறு என்றால் தெருவில் பல வீடுகளில் விளக்கு மங்கும். மங்கிய வீடுகளையெல்லாம் பட்டியல் போட்டுவிட்டுக் கோளாறு அந்த வீடுகளில் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஒரே மாறுபாடு அருகிலுள்ள நான்கைந்து மரபணுக்களை ஒருசேர அசைக்கலாம். அவற்றில் ஒன்றே நோய்க்குப் பொறுப்பாக இருக்கலாம். அக்கம்பக்கத்து மாறுபாடுகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே கடத்தப்படுவதால் இன்னொரு குழப்பமும் வரும்: நோய்க்குக் காரணம் ஒரு மாறுபாடு, வெளிப்பாட்டுக்குக் காரணம் அதன் பக்கத்து மாறுபாடு என்றிருந்தும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு தடயங்களும் உண்மையில் ஒன்றுதானா என்று கேட்கும் கோலோக் போன்ற சோதனைகளை ஓட்டாமல் எந்த மரபணுவின் பெயரையும் தலைப்பில் போடாதீர்கள்.

பொறுமையின் பலனையும் சொல்கிறேன். காமன்மைண்ட் ஆய்வு அப்போது தெரிந்திருந்த மனச்சிதைவு நோய் இடங்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்குக்கு வெளிப்பாட்டு விளக்கம் இருக்கலாம் என்றது. ஒரே ஒரு மரபணுவை மட்டும் சுட்டிய இடங்கள் ஐந்துதான். அவற்றில் ஃப்யூரின் ஒன்று. 2019-இல் வேறொரு குழு ஆய்வகத்தில் வளர்த்த மனித நியூரான்களில் மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் முறையால் ஃப்யூரினில் உள்ள ஆபத்து மாறுபாட்டின் ஓர் எழுத்தை மாற்றிப் பார்த்தது. அந்த ஐந்தில் நான்கு மரபணுக்களை ஒருசேர அசைத்தபோது, தனித்தனியாக அசைத்ததன் கூட்டுத்தொகையை மிஞ்சிய விளைவு வந்தது. பட்டியலிலிருந்து பரிசோதனைக்குப் போனதால் கிடைத்த அறிவு இது.

9. செல் எது என்று கேளுங்கள்

ஒரு துண்டு மூளைத் திசுவில் தூண்டும் நியூரான், தணிக்கும் நியூரான், நட்சத்திர வடிவச் செல், நரம்புறை கட்டும் செல், மைக்ரோக்ளியா எல்லாம் கலந்திருக்கின்றன. மொத்தமாக அரைத்து அளந்தால் கிடைப்பது கலவையின் சராசரி. நியூரான்களின் விகிதம் சற்றுக் குறைந்தாலே நியூரான் மரபணுக்கள் எல்லாம் 'குறைந்ததாக'த் தோன்றும். 2018-இல் நேதன் ஸ்கீன் முதலானோர் மனச்சிதைவு நோயின் மரபு ஆபத்து குறிப்பிட்ட சில நியூரான் வகைகளில், குறிப்பாகப் புறணியின் பிரமிடு செல்களில், குவிகிறது என்று காட்டினார்கள். 2022-இல் 192 பேரின் திசுவில் எட்டு வகை மூளைச் செல்களுக்குத் தனித்தனி ஈ.க்யூ.டி.எல். பட்டியல் வந்தது. 2024-இல் சைக்என்கோட் கூட்டமைப்பு 388 பேரிடமிருந்து 28 லட்சத்துக்கும் மேற்பட்ட செல் உட்கருக்களை ஆராய்ந்து வெளியிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 28 லட்சம் என்பது உட்கருக்களின் எண்ணிக்கை. மனிதர்கள் 388 பேர்தான். ஒரே ஆளின் பத்தாயிரம் செல்களைப் பத்தாயிரம் தனிச் சான்றுகளாக எண்ணினால் பி மதிப்பு மிகச் சிறியதாகி மிளிரும், முடிவு பொய்யாகும். செல்களை ஆள்வாரியாகத் திரட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

10. வயதைக் கேளுங்கள், வடிவத்தையும் கேளுங்கள்

நோய் இருபது வயதில் தெரிந்தாலும் அதன் விதை கருவறையிலேயே விழுந்திருக்கலாம். இசட்.என்.எஃப்.804ஏ என்ற மரபணுவிலுள்ள ஆபத்து மாறுபாடு, கருவின் மூளையில் அந்த மரபணுவின் வெளிப்பாட்டைக் குறைப்பதாகவும் வயது வந்தோர் மூளையில் அந்த விளைவு தென்படவில்லை என்றும் 2012-இல் மேத்யூ ஹில், நிக் ப்ரே இருவரும் காட்டினார்கள். வயது வந்தோர் தரவை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த மரபணு வெறுமையாகத் தெரிந்திருக்கும். எனவே 'ஈ.க்யூ.டி.எல். இல்லை' என்று எழுதும்போதெல்லாம் 'இந்தத் திசுவில், இந்த வயதில்' என்ற சொற்களைச் சேருங்கள். கருமூளையைச் செல் அளவில் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட 'தரணி' படத்தொகுப்பு இருக்கிறது. 5,132 வெட்டுகளின் படங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது உடற்கூறுத் தொகுப்பு; வெளிப்பாட்டுத் தரவை எங்கே பொருத்துவது என்று அறிய உதவும்.

ஒரு மரபணு ஒரே வடிவ ஆர்.என்.ஏ.வைத் தருவதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். பத்தாவது குரோமோசோமில் ஏ.எஸ்.3எம்.டி. என்ற மரபணுவின் இரண்டு துண்டுகள் விடுபட்ட ஒரு வடிவமே நோய் ஆபத்தோடு தொடர்புடையது என்று 2016-இல் தெரிந்தது. மொத்த அளவை மட்டும் பார்த்தால் இத்தகையவை மறைந்துவிடும்.

11. வெளிப்பாட்டுத் தரவால் விளக்க முடியாததைச் சொல்லத் தயங்காதீர்கள்

2020-இல் ஒரு குழு 42 நோய்களையும் உடற்பண்புகளையும் எடுத்துக்கொண்டு, மரபு ஆபத்தில் எவ்வளவு பங்கு, நாம் அளந்து வைத்திருக்கும் வெளிப்பாட்டின் வழியாக வருகிறது என்று கணக்கிட்டது. சராசரி விடை சுமார் 11 விழுக்காடு. சோர்ந்துவிடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். 2023-இல் ஹகாமனேஷ் மொஸ்தாஃபவி, ஜோனதன் ப்ரிட்சர்ட் முதலானோர் ஒரு காரணம் சொன்னார்கள். உயிருக்கு மிக முக்கியமான மரபணுக்களின் அளவைப் பெரிதாக அசைக்கும் மாறுபாடுகளை இயற்கைத் தேர்வு கழித்துவிடுகிறது. அதனால் நமக்கு எளிதில் அகப்படும் ஈ.க்யூ.டி.எல்.கள் பெரும்பாலும் அசைந்தாலும் பாதகமில்லாத மரபணுக்களில் இருக்கின்றன. நோய்க்குரியவையோ சிக்கலான கட்டுப்பாட்டில் உள்ள, எளிதில் அகப்படாத மரபணுக்கள். வெளிச்சமுள்ள இடத்தில் மட்டும் தேடுகிறோமா என்பதை உங்கள் கட்டுரையின் முடிவுரையில் நேர்மையாக எழுதுங்கள்.

12. யாருடைய மரபணுக்கள் இவை என்று கேளுங்கள்

உலகமே பயன்படுத்தும் ஜிடெக்ஸ் வெளிப்பாட்டுத் தொகுப்பின் 2020 பதிப்பில் 838 கொடையாளர்கள். அவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களிடம் பழக்கிய கணிப்பு முறை வேறு மக்களிடம் துல்லியம் குறைகிறது. எந்த மாறுபாடு எவ்வளவு பேரிடம் உண்டு, எது எதோடு சேர்ந்து வரும் என்பதெல்லாம் மக்களுக்கு மக்கள் வேறுபடுகின்றன.

நம் ஊரிலேயே ஒரு முன்னோடி முயற்சி இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் மனச்சிதைவு நோயாளிகளையும் குடும்பத்தாரையும் சேர்த்து நடத்திய ஜீவாஸ் ஆய்வு 2019-இல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்தது. முதற்கட்டத்தில் 3,092 பேர். எட்டாவது குரோமோசோமில் ஓர் இடம் தெளிவாக எழுந்தது. அங்கேயுள்ள மாறுபாடுகள் நேப்ரிட்1 என்ற மரபணுவின் வெளிப்பாட்டோடு வலுவாகத் தொடர்புடையவை என்று கண்டார்கள். இது நியாசினை, அதாவது வைட்டமின் பி3-ஐ, உடல் பயன்படுத்தத் தேவையான நொதிக்கான மரபணு. நியாசின் பட்டால் தோல் சிவப்பது இந்நோயாளிகள் பலரிடம் குறைவாக இருக்கிறது என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்தது. நியாசின் குறைபாட்டால் வரும் பெலாக்ரா நோயில் மனக்குழப்பம் உண்டு என்பதும் பழைய மருத்துவ அறிவு. இவற்றை ஒன்றாகச் சேர்த்துக் காரணம் கண்டாயிற்று என்று அறிவித்துவிடக் கூடாது; இன்னும் பெரிய மாதிரிகளில் உறுதிப்பட வேண்டும். ஆனால் நம் மக்களைக் கேட்டால்தான் நம் மக்களுக்குரிய விடை கிடைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம். தெற்காசிய மூளைத் திசுவில் ஈ.க்யூ.டி.எல். தொகுப்புகளைக் கட்டுவது உங்கள் தலைமுறையின் வேலை.

13. குடும்பத்தாரிடம் பேசும்போது அளந்து பேசுங்கள்

நீங்கள் இத்துறையில் இருப்பது தெரிந்தால் உறவினரும் அயலாரும் கேட்பார்கள்: 'இது பரம்பரை நோயா? என் பிள்ளைக்கு என்னால்தான் வந்ததா? தங்கை கல்யாணத்துக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா?' இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மனநல மருத்துவம் தாயின் வளர்ப்பே மனச்சிதைவு நோய்க்கும் ஆட்டிசத்துக்கும் காரணம் என்று சொல்லி எண்ணற்ற தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. அந்தப் பழியை ஆதாரத்தோடு துடைத்தது மரபியல். அதே மரபியல் இன்னொரு பழியைக் கொண்டுவர நாம் இடம் தரக் கூடாது.

தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள். மனச்சிதைவு நோயில் மரபின் பங்கு பெரியது. ஆனால் மரபணுத்தொகை முழுதும் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும் இன்னொருவருக்கு வராமல் இருப்பது பாதி அளவுக்காவது உண்டு. பெரும்பாலானோரிடம் ஆபத்து என்பது நூற்றுக்கணக்கான சிறு மாறுபாடுகளின் கூட்டு. அவற்றில் பல நம் எல்லோரிடமும் இருக்கின்றன. ஒரு தாய் எதைக் கடத்துவது என்று தேர்ந்தெடுப்பதில்லை. இன்றுள்ள மரபு ஆபத்து மதிப்பெண் எதையும் வைத்து ஒருவரின் எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாது. வரன் பார்க்கும் காரியத்துக்கு அது சற்றும் உதவாது. நம்முடைய வெளிப்பாட்டு ஆய்வுகள் இன்னும் ஒரு மாத்திரையாகவோ பரிசோதனையாகவோ அவர்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதே மூச்சில், இப்போதுள்ள சிகிச்சை பலரை நிமிர்த்தி வேலைக்கும் படிப்புக்கும் அனுப்பியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். மருந்தை அவர்களாக நிறுத்திவிடாமல், எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் முதல்முறை நீங்களே உடன் செல்லுங்கள்.